உணவு செல்லும் வழியில் நோயும் நுழையும்

தருமபுரி மாவட்டத்தில் புற்றுநோய் கண்ட வீட்டார் நெடுங்காலமாக நாடிச் சென்ற ஊர்கள் மூன்று: சேலம், பெங்களூர், சென்னை. ரஃபி அஹ்மத் கித்வாயின் பெயரால் பெங்களூரில் 1973 முதல் இயங்கும் மருத்துவமனையையும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையத்தையும் நம் மக்கள் நன்கறிவர். 2008 இல் தருமபுரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. எங்கே சென்றாலும் உற்றாரை வாட்டும் கேள்வி ஒன்றுதான்: ஒரு வாய்க் கஞ்சியும் இறங்காதவரை எதைக் கொடுத்துக் காப்பது?

கேள்வி பழையது. அந்தலூசியாவின் செவில் நகரில் வாழ்ந்து 1162 இல் மறைந்த மருத்துவ மேதை இப்னு ஜுஹ்ரு, உணவுக்குழாயில் எழும் புற்றை விவரித்தார். விழுங்க இயலாதவருக்கு வெள்ளிக் குழாய் வழியே பால் போன்ற நீருணவைச் செலுத்தும் முறையையும் எழுதி வைத்தார்.

குடலே செயலற்றுப் போனால் என் செய்வது? அதற்கு விடை இரத்தக் குழாயில் இருந்தது. 1929 இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபோர்ஸ்மன் தம் கை நரம்பின் வழியே மென்குழாயைத் தம் இதயம் வரை செலுத்திக் காட்டினார். 1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் டட்ரிக் என்பார், நரம்பு வழி உணவால் மட்டுமே நாய்க்குட்டிகளை வளர்த்துக் காட்டினார். செறிந்த சர்க்கரைக் கரைசலைச் சிறு நரம்புகள் தாங்கா. ஆதலின் குழாயின் நுனியை இதயத்தை அடுத்த பெருநரம்பில் நிறுத்தினர். 1970களில் பிரோவியாக், ஹிக்மன் ஆகியோர் அமைத்த குழாய்கள் மாதக்கணக்கில் உடலில் தங்கின.

ஆனால் உயிர் காக்க வெட்டிய வாய்க்காலில் பகையும் நீந்தி வரலாயிற்று. தோலிலும் குழாயின் மூடியிலும் ஒட்டிய கிருமி நேரே குருதியில் கலக்கிறது. புற்றுநோய்க்கான மருந்துகளால் வெள்ளணுக்கள் குறைந்த உடலுக்கு அதை எதிர்க்க வலிமையில்லை. நோயாளிக்கு ஊட்டும் சர்க்கரையும் கொழுப்பும் கிருமிக்கும் காளானுக்கும் விருந்தாகின்றன. திடீரெனக் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் எழுகின்றன.

இதற்கு மாற்று எளியது. 1847 இல் வியன்னாவில் செம்மல்வைஸ், மருத்துவர்களைக் கை கழுவச் செய்து பிரசவ மரணங்களைக் குறைத்தார். அதே பாடத்தை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் மீண்டும் கற்றது. கை கழுவுதல், நோயாளியைத் தூய துணியால் முழுதும் போர்த்துதல், குளோரெக்சிடின் கொண்டு தோலைத் துடைத்தல், தொடை நரம்பைத் தவிர்த்தல், தேவை தீர்ந்ததும் குழாயை அகற்றுதல் என்னும் ஐந்தையும் நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் கைக்கொண்டன. தொற்று மூன்றில் இரு பங்கு வரை குறைந்ததென 2006 இல் வெளியான ஆய்வு காட்டியது. புதிய மருந்தெதுவும் வேண்டியிருக்கவில்லை.

நோயாளியின் அருகிருக்கும் நமக்கும் இதில் பங்குண்டு. ஒளூச் செய்த கைதானே என்றிராமல், சோப்பிட்டுக் கழுவிய பின்னரே அருகில் செல்வோம். குழாயையும் அதன் மூடியையும் நாமாகத் தொடாதிருப்போம். நடுக்கம் கண்டால் விடியட்டும் எனக் காத்திராமல் அக்கணமே செவிலியரை அழைப்போம். குடல் இயங்கத் தொடங்கியதும், இனி வாய் வழியே ஊட்டலாமா என மருத்துவரைப் பணிவுடன் கேட்போம். இப்னு ஜுஹ்ரு நாடிய அந்தப் பழைய வழியே இன்றும் முதல் வழி.