புகளூர் மின்தடங்களும் ஐ.ஜி.பி.டி. டிரான்சிஸ்டரும்

சத்தீஸ்கரின் ராய்கரில் தொடங்கி 1,700 கி.மீ.க்கு மேல் நீளும் 800 கிலோவோல்ட் நேர்த்திசை மின்தடம், சேலம், நாமக்கல் சமவெளியைக் கடந்து புகளூரில் முடிகிறது. இதன் திறன் 6,000 மெகாவாட். அங்கிருந்து 320 கிலோவோல்ட், 2,000 மெகாவாட் கொண்ட இன்னொரு நேர்த்திசைத் தடம் கேரளத்தின் திருச்சூருக்குச் செல்கிறது. இது 2021 பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. முதல் தடத்தில் மின்னோட்டத்தைத் திறந்து மூடுவது தைரிஸ்டர். இரண்டாவதில் ஐ.ஜி.பி.டி. டிரான்சிஸ்டர்.

தைரிஸ்டர் பெரும் மின்னோட்டத்தைக் குறைந்த இழப்பில் தாங்கும். ஆனால் அதைத் திறக்க மட்டுமே கட்டளையிட முடியும். மூடுவதற்கு மாறுதிசை மின்வலையின் துணை வேண்டும். பழைய இருமுனை டிரான்சிஸ்டரை மூடலாம் என்றாலும், அதற்குத் தொடர்ந்து அடிவாய் மின்னோட்டம் ஊட்ட வேண்டும், அணைவதும் மெதுவாகவே. மாஸ்ஃபெட் மிக வேகமானது. ஆயினும் தாங்க வேண்டிய மின்னழுத்தம் உயர உயர அதன் மின்தடை கடுமையாகக் கூடிச் சூடேறும்.

மாஸ்ஃபெட்டின் எளிய வாயிலையும் இருமுனை டிரான்சிஸ்டரின் கடத்துதிறனையும் ஒன்றாக்கியதே ஐ.ஜி.பி.டி. 1980களின் தொடக்கத்தில் இதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றிய ஜெயந்த் பாலிகா சென்னையில் பிறந்தவர், சென்னை ஐ.ஐ.டி.யில் 1969இல் பட்டம் பெற்றவர். இச்சாதனம் அணையும்போது சிறிது நேரம் வால்போல ஒரு மின்னோட்டம் நீடித்து வெப்பமாக வீணாகும். அதனால் இதைத் தெரிவு செய்வோர் ஆம்பியர் அளவோடு, ஒவ்வொரு முறை அணையும்போதும் ஏற்படும் இழப்பையும் கணக்கிட வேண்டும்.

தைரிஸ்டர் தடத்தில் மின்திறனின் திசையை மாற்ற, மின்னழுத்தத்தின் முனைவையே திருப்ப வேண்டும். எக்ஸ்.எல்.பி.இ. காப்பிட்ட நிலத்தடிக் கேபிளுக்கு அது ஆகாது. ஐ.ஜி.பி.டி. தடத்தில் முனைவு மாறுவதில்லை, மின்னோட்டமே திரும்புகிறது. நெருக்கமான குடியிருப்புகள் உள்ள கேரளத்தில் வடக்கஞ்சேரி முதல் திருச்சூர் வரை ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவுக்குக் கேபிளை மண்ணுக்குள் புதைக்க இதுவே வழிவிட்டது.

2018இல் சேலம், நாமக்கல், ஈரோடு, திருப்பூர் உள்ளிட்ட மாவட்டங்களின் உழவர்கள் உயர்மின் கோபுரங்களை எதிர்த்துப் போராடியபோது, சாலையோரமாகக் கேபிளைப் புதைக்கக் கேட்டனர். கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் 800 கிலோவோல்ட் நேர்த்திசை மின்சாரத்தை அத்தனை தொலைவு நிலத்தடியில் கொண்டுசெல்லும் கேபிள் அன்று உலகில் எங்கும் இயக்கத்தில் இல்லை. திருச்சூர்த் தடத்துக்கு இந்தத் தடை கிடையாது. இருந்தும் தமிழ்நாட்டு எல்லைக்குள் அதுவும் கோபுரங்களின் மேலேதான் செல்கிறது.