அவிநாசியிலிருந்து புறப்பட்ட பெயர்

பெருமாநல்லூரிலிருந்து நெடுஞ்சாலையில் மேற்கே போனால் அவிநாசி. முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பாடி மீட்ட தலம். அங்குள்ள ஈசனின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது இந்த வட்டாரத்து வழக்கம். திருப்பூரில் பஞ்சு வியாபாரம் இருந்தும் பனியன் கம்பெனிகள் இன்னும் வராத 1903இல், அவ்வூரில் பிறந்த ஒரு குழந்தைக்கும் அந்தப் பெயர் வாய்த்தது. அவர்தான் தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார்.

சட்டம் படித்தவர், காந்தியின் வழியில் போய்ப் பலமுறை சிறைப்பட்டார். 1930இல் கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சர். அவர் முன்னின்று அமைத்த தமிழ் வளர்ச்சிக் கழகம்தான் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. கொடிகாத்த குமரனைத் தெரிந்த அளவுக்குத் திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு இவரைத் தெரியாது. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

1957இல் கோவையில் பெண்களுக்கென ஒரு மனையியல் கல்லூரி எழுந்தது. அதைத் தொடங்கிய அவிநாசிலிங்கத்தின் பெயரே அதன் தலையில் ஏறியது. மனையியலைச் சமையல் வகுப்பு என்று எளிதாகத் தள்ளிவிடுவார்கள். அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்ற ராஜம்மாள் தேவதாஸ் அதை அறிவியலாகவே நடத்தினார். குழந்தைகளின் ஊட்டச்சத்து, பள்ளியில் போடும் மதிய உணவு, கிராமத்துத் தாய்மாரின் உடல்நலம் எல்லாம் அங்கே ஆராய்ச்சிப் பொருளாயின. 1988இல் கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகமானபோது அவரே முதல் துணைவேந்தர்.

கொடையாளர் பெயரைக் கல்லூரிக்கு வைப்பது உலகெங்கும் உள்ள பழக்கம். சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல் 1718இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு 9 பொதி சரக்கும் 417 புத்தகங்களும் அனுப்பினார். பொதிகளில் மஸ்லினும் காலிகோவும் இருந்தன. துணி விற்ற காசில் கட்டடம் எழுந்தது, யேல் என்ற பெயரும் நிலைத்தது. அவர் அந்தக் கல்லூரியைப் பார்த்ததே இல்லை. அவிநாசிலிங்கமோ 1991இல் மறையும் வரை தாம் தொடங்கிய நிறுவனங்களோடுதான் இருந்தார். எனக்கு இந்தப் பெயரே பொருத்தமாகத் தோன்றுகிறது.

பெயரின் வால் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. கல்லூரி என்பது போய்ப் பல்கலைக்கழகம் வந்தது. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நிகர்நிலை நிறுவனங்கள் அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்வதைத் தடுக்குமாறு பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு உத்தரவிட்டது. அந்தக் குழுவுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, நாடாளுமன்றமோ சட்டமன்றமோ சட்டம் இயற்றி நிறுவாத எதையும் அப்படி அழைக்கக் கூடாது என்கிறது. 1929இல் தனிச் சட்டத்தோடு பிறந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஆகவே இப்போது அது அவிநாசிலிங்கம் மனையியல் மற்றும் மகளிர் உயர்கல்வி நிறுவனம். பெருமாநல்லூரிலோ குன்னத்தூரிலோ மகளை அங்கே சேர்க்க நினைக்கும் பெற்றோர், பலகையில் பல்கலைக்கழகம் என்று இல்லையே என்று தயங்க வேண்டாம். அதே சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, பட்டம் வழங்கும் உரிமை அதற்கு அப்படியே இருக்கிறது.