குழாய்க்குள் அளந்த கோள் வளிமண்டலங்கள்

கோள்களின் மேல்வளிமண்டலத்தில் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்து அயனிகளை உண்டாக்குகின்றன. அவை அப்படியே நிலைப்பதில்லை. மோதும் வாயுவோடு வினைபுரிந்து வேறு அயனிகளாகிவிடும். எந்த வினை எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதைத் தொலைநோக்கி சொல்லாது. அதை ஆய்வகத்தில்தான் அளக்க வேண்டியிருந்தது.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் போல்டர் நகரில் எல்டன் ஃபெர்குசன், ஃபிரெட் ஃபேசன்ஃபெல்ட், ஆர்ட் ஷ்மெல்டெகாஃப் ஆகிய மூவரும் இதற்கென ஒரு கருவியை அமைத்தனர். சுமார் ஒரு மீட்டர் நீளமுள்ள உலோகக் குழாயில் பெரிய பம்பின் இழுப்பால் ஹீலியம் பாய்ந்தோடும். தொடக்கத்தில் அயனிகள் உருவாகும். வழியில் வினைக்குரிய வாயு கலக்கும். கடைசியில் நிறைமாலைமானி எஞ்சிய அயனிகளை எண்ணும். வாயுவைக் கூட்டக் கூட்ட முதல் அயனி எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து வினைவேகம் கிடைத்துவிடும். 1970-களின் நடுவில் பர்மிங்காமில் நைஜல் ஆடம்ஸும் டேவிட் ஸ்மித்தும் அயனிகளைத் தனியிடத்தில் உண்டாக்கி, வேண்டிய நிறையுள்ளதை மட்டும் வடிகட்டிக் குழாய்க்குள் விட்டனர். பல அயனிகள் கலந்து குழப்பும் தொல்லை அதோடு பெரிதும் குறைந்தது.

இம்முறையின் வலிமையைச் செவ்வாய் காட்டியது. அங்கே காற்று பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. ஆகவே அதன் அயனியே மிகுந்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. போல்டர் குழு 1970-இல் வெளியிட்ட அளவீடு வேறு விதமாகச் சொன்னது: அந்த அயனி ஆக்சிஜன் அணுவைச் சந்தித்ததும் விரைவாக வினைபுரிய, ஆக்சிஜன் மூலக்கூறு அயனி உண்டாகிறது. 1976-இல் வைக்கிங் கலம் இறங்கும் வழியில் அளந்தபோது ஆக்சிஜன் மூலக்கூறு அயனிதான் முதலிடத்தில் இருந்தது.

சனியின் துணைக்கோள் டைட்டனின் கதை இன்னும் சிக்கலானது. அங்கே நைட்ரஜனும் மீத்தேனும் சேர்ந்திருக்கின்றன. நைட்ரஜன் அயனி மீத்தேனைத் தாக்கினால் மெத்தில் அயனி. அது மீண்டும் மீத்தேனோடு சேர்ந்தால் எத்தில் அயனி. எத்தில் அயனி தன் புரோட்டானை ஹைட்ரஜன் சயனைடுக்குக் கொடுத்தால் நிறை 28 உடைய அயனி. கலிஃபோர்னியாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் வெஸ்லி ஹன்ட்ரெஸ், வின்சென்ட் அனிசிச் போன்றோர் இத்தகைய வினைகளைப் பல ஆண்டுகள் பொறுமையாக அளந்து தொகுத்தனர். பெயர் வாங்கித் தராத வேலை; ஆனால் கோள்களின் வேதியியல் மாதிரிகள் அதன் மேல்தான் நின்றன. 2005-இல் காசினி விண்கலம் டைட்டனின் மேல்காற்றுக்குள் புகுந்து சென்றபோது, நிறை 28 அயனியே எல்லாவற்றிலும் மிகுதியாக இருந்தது.

காசினி எதிர்பாராத ஒன்றையும் கண்டது. நிறை ஆயிரக்கணக்கில் உள்ள எதிர்மின் அயனிகள் அங்கே மிதந்தன. 2007-இல் இச்செய்தி வெளியானது. அவ்வளவு உயரத்தில் அவற்றை எந்த மாதிரியும் கணக்கில் எடுத்திருக்கவில்லை. ஆய்வகங்களும் அவ்வகை வினைகளில் சிலவற்றையே அளந்திருந்தன. டைட்டனுக்கான எதிர்மின் அயனி அளவீடுகள் அதன் பின்னரே வேகம் பிடித்தன.