சக்கரத்துக்குச் சக்தி போன வழி: காரின் கியர்பெட்டி வரலாறும் அதன் நோய்களும்



பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு ஏறும் துன் சார்டோன் சாலையில் பழைய கார் ஓட்டியவர்களுக்கு ஒன்று தெரியும். எஞ்சின் நல்லா இருந்தா மட்டும் போதாது. எஞ்சினின் சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவழியில் எங்கோ கோளாறு என்றால் எஞ்சின் கத்தும், கார் நகராது. கோளாறு எங்கே என்று தெரியாமல் பட்டறைக்குப் போனால், ஒரு சின்னப் பேரிங்குக்குப் பதிலாக முழுக் கியர்பெட்டிக்கும் காசு கட்டிவிட்டு வர நேரிடும். மாதச் சம்பளக்காரனுக்கு அது சின்ன அடி இல்லை. ஆகவே இந்த நடுவழியின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

1891-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் பனார் லெவஸோர் என்னும் கம்பெனியார் எஞ்சினை முன்னால் வைத்து, அதன் பின்னே கிளட்ச், பல்சக்கரங்கள், கடைசியில் பின்சக்கரம் என்று வரிசைப்படுத்தினார்கள். பிறகு வந்த கார்களில் பெரும்பாலானவை இந்த வரிசையையே பின்பற்றின. அக்காலத்தில் பின்சக்கரத்தை இழுத்தது சைக்கிளில் உள்ளது போன்ற சங்கிலி. சங்கிலி தளர்ந்தால் தொங்கும், கண்ணாலேயே பார்த்துவிடலாம். 1898-இல் லூயி ரெனோ என்ற இளைஞர் சங்கிலியை எடுத்துவிட்டு இரும்புத் தண்டை வைத்தார். அவ்வாண்டு டிசம்பர் 24 இரவு பாரிசில் மொன்மார்த்ர் மேட்டுச் சாலையில் அந்த வண்டியை ஏற்றிக் காட்டினார். அன்றிரவே 12 பேர் தங்களுக்கும் வேண்டும் என்றார்களாம். வண்டி மேடேறியது உண்மை. ஆனால் அன்று முதல் கோளாறு பெட்டிக்குள்ளும் தண்டுக்குள்ளும் ஒளிந்துகொண்டது. கண்ணால் பார்த்த நோயைக் காதால் கேட்டு அறிய வேண்டிய காலம் வந்தது.

1908-இல் வந்த போர்ட் 'டி' மாடலின் கதை வேடிக்கையானது. அதில் மூன்று மிதிகள், முன்னுக்குப் போக இரண்டே கியர். பெட்ரோல் எஞ்சினுக்குத் தானாக வழிந்து வரும், பம்ப் கிடையாது. செங்குத்தான மேட்டில் பெட்ரோல் எட்டாது. பின்னோக்கிச் செல்லும் கியருக்குத்தான் இழுவையும் அதிகம். எனவே வண்டியைத் திருப்பி, ரிவர்ஸிலேயே மலையேறுவார்கள்! இந்தப் போர்ட் கம்பெனி 1926-இல் சிங்கப்பூரில் மலாயாக் கிளையை அமைத்தது. புக்கிட் தீமாவில் அது கட்டிய தொழிற்சாலையில்தான் 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்தார்கள் என்பதை மாணவர்கள் சரித்திரப் பாடத்தில் படித்திருப்பார்கள்.

பழைய லாரிகளில் கியர் மாற்றுவது ஒரு வித்தை. பல்சக்கரங்கள் ஒரே வேகத்தில் சுழலாவிட்டால் 'கரகர'வென்று கடிக்கும். கிளட்சை இருமுறை மிதித்து, நடுவில் எஞ்சின் வேகத்தைச் சரிசெய்து மாற்றுவார்கள். 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் காரில் வந்த 'சிங்க்ரோமெஷ்' அமைப்பு இந்தத் தொல்லையைக் குறைத்தது. அப்படியும் மோரிஸ் மைனரின் முதல் கியருக்கு அது கிடைக்கவில்லை.

இனி காதுக்கு வருவோம். மேட்டில் எஞ்சின் வேகம் கூடுகிறது, கார் வேகம் கூடவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது. நியூட்ரலில் நிற்கும்போது உறுமுகிறது, கிளட்சை மிதித்தால் அடங்குகிறது என்றால், கியர்பெட்டிக்குள் சக்தி நுழையும் தண்டின் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். மிதித்தால்தான் சத்தம் வருகிறதா? அப்போது குற்றவாளி கிளட்சைத் தள்ளும் பேரிங். பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். டாட்சன் 120ஒய் போன்ற பின்சக்கரக் கார்கள் புறப்படும்போது அடியில் 'டொக்' என்று இடித்தால் நீளத்தண்டின் மூட்டு தேய்ந்திருக்கும். பின்னாலிருந்து வரும் ஊளை, ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஒரு விதமாகவும் விடும்போது வேறு விதமாகவும் கேட்டால் டிஃபரன்ஷியலைப் பார்க்க வேண்டும்.

மோரிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் என்பவரே 1959-இல் மினி காரையும் தந்தார். எஞ்சினைக் குறுக்கே வைத்தார், கியர்பெட்டியை அதன் அடியில் வைத்தார், முன்சக்கரத்தை ஓடவிட்டார். இரண்டுக்கும் ஒரே எண்ணெய். கியர் தேய்ந்த இரும்புத்தூள் எஞ்சின் எண்ணெயிலேயே வந்து நிற்கும். இது நல்ல ஏற்பாடு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பினாங்கில் அந்த மாற்றத்தைப் பலரும் கண்டது 1985-இல். ஜூலை 9-இல் புரோட்டோன் சாகா வெளிவந்தது. அதுவரை கார்கள் ஃபெரி ஏறித்தான் தீவுக்கு வந்தன. ஆகஸ்டு 3-இல் பினாங்குப் பாலத்தைத் திறந்த பிரதமர் மகாதீர் சாகாவை ஓட்டியே பாலத்தைக் கடந்தார். சாகா முன்சக்கரக் கார், நீளத்தண்டு கிடையாது. பின்பக்கம் காது வைத்துப் பழகிய போமன்மார் முன்பக்கம் கேட்கப் பழகினார்கள். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி ஓட்டும்போது 'டக் டக் டக்' என்றால் முன்தண்டின் மூட்டு போயிற்று. அதற்கு முன்பே ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கும். குனிந்து பார்த்தால் போதும், உறையோடு செலவு முடிந்துவிடும். யாரும் குனிவதில்லை!

1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் தொடங்கிய ஆட்டோ கியருக்குக் காதைவிட மூக்கு உதவும். எண்ணெய் கறுத்து, கருகல் வாடை அடித்தால் உள்ளே தகடுகள் எரிகின்றன என்று பொருள். 2021-இல் மைவிக்கு சிவிடி வந்தது. படிப்படியான கியர் இல்லாத அதில் எண்ணெயைக் குறித்த காலத்தில் மாற்றுவதே முக்கியம்.

2024 டிசம்பரில் புரோட்டோன் மின்சாரக் காரான இ.மாஸ் 7 வந்துவிட்டது. அதில் கிளட்சும் இல்லை, மாற்ற வேண்டிய கியரும் இல்லை. ஆனால் முன்சக்கரத்துக்குப் போகும் இரண்டு தண்டுகளும், மூட்டுகளும், ரப்பர் உறைகளும் அதிலும் இருக்கின்றன. உறை கிழிந்தால் அதுவும் ஒருநாள் 'டக் டக்' என்னும்.