வரி முடிவில் ஒரு பழைய வழக்கு

லினக்ஸில் எல்லா யூனிட் டெஸ்ட்டும் பாஸ். அதே நிரலை விண்டோஸில் ஓட்டினால் ஒன்று மட்டும் ஃபெயில். எதிர்பார்த்த விடையும் வந்த விடையும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வரியின் கடைசியில் இருக்கிறது.

அதற்கான காரணம் ஒரு தட்டச்சு இயந்திரம் என்றால் நம்பமுடிகிறதா? 1963-இல் வந்த டெலிடைப் மாடல் 33-இல் ஒரு வரி முடிந்ததும் இரண்டு வேலைகள் நடக்கவேண்டும். அச்சடிக்கும் தலை இடது ஓரத்துக்குத் திரும்பவேண்டும். இது கேரேஜ் ரிட்டர்ன், ஆஸ்கி எண் 13. காகிதம் ஒரு வரி நகரவேண்டும். இது லைன் ஃபீட், எண் 10. இயந்திரம் நொடிக்கு 10 எழுத்துகள் அடிக்கும். ஆனால் தலை திரும்பி வர ஓர் எழுத்துக்கான நேரம் போதாது. எனவே முதலில் 13, பிறகு 10. தலை ஓடிவருவதற்குள் காகிதமும் நகர்ந்துவிடும். நல்ல ஏற்பாடுதான், காகிதம் இருந்தவரை!

மல்டிக்ஸ் 10 மட்டும் போதும் என்று முடிவுசெய்தது. 1969-இல் தொடங்கிய யுனிக்ஸும் அதையே பின்பற்றியது. சிபி/எம் இரண்டையும் வைத்துக்கொள்ள, 1981-இல் எம்எஸ்-டாஸும் பின்னர் விண்டோஸும் அதே வழியில் போயின. 1984-இல் வந்த மெக்கின்டோஷ் 13-ஐ மட்டும் எடுத்துக்கொண்டது. 2001-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தபோதுதான் ஆப்பிள் யுனிக்ஸ் பக்கம் சாய்ந்தது. விண்டோஸின் நோட்பேட், 10 மட்டும் உள்ள கோப்புகளை ஒழுங்காகக் காட்டத் தொடங்கியதே 2018-இல்தான்.

2005-இல் பிறந்த கிட் இதில் சமரசம் செய்யப் பார்த்தது. ஆட்டோசிஆர்எல்எஃப் என்ற அமைப்பை இயக்கிவைத்தால், விண்டோஸில் கோப்பை எடுக்கும்போதே 13-ஐச் சேர்த்துவிடும். டெஸ்ட்டுக்கான மாதிரி விடைக் கோப்பிலும் அது ஏறிவிடும். நிரல் 10 மட்டும் எழுதினால் ஒப்பீடு தோற்கும், நிரலில் தவறே இல்லாவிட்டாலும்.

பலர் செய்யும் வைத்தியம், ஒப்பிடுமுன் இரு பக்கமும் 13-ஐ நீக்கிவிடுவது. சாதாரண அறிக்கைக்கு இது சரி. ஆனால் மின்னஞ்சல் அனுப்பும் எஸ்எம்டிபி நெறிமுறைக்கு இன்றும் 13, 10 இரண்டுமே தேவை. அங்கே 13-ஐ நீக்கி ஒப்பிட்டால், நிரல் அதை எழுத மறந்தாலும் டெஸ்ட் பாஸ் ஆகும்! டெஸ்ட்டைத் தளர்த்துவதைவிட, கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் மாதிரி விடையின் வரி முடிவை நிலையாக எழுதிவைப்பதும், எந்த இயங்குதளமானாலும் நிரல் எதை எழுதவேண்டும் என்று நிரலிலேயே வெளிப்படையாகச் சொல்வதும் மேல்.