மலையேறிய கப்பலும் கடலடி இரயிலும்

இஸ்தான்பூல் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது 1453ஆம் ஆண்டு. பொற்கொம்பு என்னும் உள்கடலின் வாயிலை எதிரிகள் இரும்புச் சங்கிலியால் அடைத்துவிட்டனர். சுல்தான் முகம்மது அல்பாத்திஹ் தம் கப்பல்களைக் கலாத்தாக் குன்றின் பின்புறமாகத் தரைமீது இழுத்துச் சென்று, மறுபுறத்து நீரில் இறக்கினார். மரக்கட்டைகளின் மீது கப்பல்கள் மலையேறிய அந்த வரலாற்றை நம் இல்லங்களில் சிறுவர்களும் அறிவர்.

அது போர்க்கால விந்தை. அதே குன்றும் அதே கடலும் பின்னாளில் வேறொரு போராட்டத்தைக் கண்டன. வாளும் பீரங்கியும் இல்லாத போராட்டம் அது. வயிற்றுப் பிழைப்புக்காக நாள்தோறும் அந்த மேட்டில் ஏறியும், அந்த நீரைக் கடந்தும் களைத்துப்போன மக்களின் போராட்டம். அதற்கு அந்நகரத்தார் கண்ட வழிகளும் மலையேறிய கப்பலுக்கு இளைத்தவை அல்ல. ஆயினும் அவை நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

இஸ்தான்பூலின் அமைப்பே விசித்திரமானது. பாஸ்பரஸ் நீரிணை அதனை ஐரோப்பா, ஆசியா என்று இரு கண்டங்களாகப் பிரிக்கிறது. ஐரோப்பியப் பகுதியைப் பொற்கொம்பு மீண்டும் இரண்டாகப் பிளக்கிறது. எஞ்சிய நிலமோ குன்றும் சரிவுமாகக் கிடக்கிறது. மக்கள் பெருகியபோது வீதிகளை அகலமாக்கிக் கொள்ளலாம் என்றால், ஒருபுறம் கடல் தடுத்தது. மறுபுறம் குன்று தடுத்தது. பழகிய வழிகள் பயன்படாத இடத்தில்தானே புதிய எண்ணம் பிறக்கும்!

முதலில் கடலைப் பார்ப்போம். 1851ஆம் ஆண்டில் 'ஷிர்கத்தே கைரிய்யா' என்ற கப்பல் நிறுவனம் தோன்றியது. துடுப்புப் படகுகள் நிறைந்திருந்த பாஸ்பரஸில் அதன் நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. மனிதர் எளிதாகக் கரை கடந்தனர். ஆனால், சுமை ஏற்றிய வண்டிகள் கடப்பது எப்படி? ஒரு கரையில் சரக்கை இறக்கிப் படகில் ஏற்றி, மறுகரையில் மீண்டும் இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். காலமும் வீண், கூலியும் வீண், துறைமுகத்திலும் நெரிசல். நிறுவனத்தின் மேலாளராயிருந்த ஹுசைன் ஹாக்கி இதற்கு ஒரு வழி கண்டார். முன்னும் பின்னும் ஒரே வடிவம் கொண்ட, தட்டையான மேல்தளமுடைய கப்பல் ஒன்று வேண்டும். குதிரையை அவிழ்க்காமலே வண்டி ஒரு முனையில் ஏறும். அக்கரை சேர்ந்ததும் மறுமுனையில் இறங்கிச் செல்லும். கப்பலும் திரும்ப வேண்டியதில்லை. இலண்டனில் கட்டப்பட்ட அக்கப்பல் 1872இல் உஸ்குதாருக்கும் கபாத்தாஷுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. வண்டிகளை ஏற்றிச் செல்லும் இவ்வகைக் கப்பல்களில் உலகிலேயே முதன்மையானவற்றுள் ஒன்று அது. அதற்கு இட்ட பெயர் 'சுஹூலத்'. இலகு என்று பொருள். அதன் துணைக் கப்பலின் பெயர் 'சாஹில்பந்த்'. கரைகளைப் பிணைப்பது என்று பொருள். எண்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த கப்பலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறென்ன வேண்டும்?

இனிக் குன்றுக்கு வருவோம். கடலோரத்தில் கலாத்தா, அங்கே துறைமுகமும் வணிக நிலையங்களும் இருந்தன. மேட்டின்மீது பேரா, அங்கே வீடுகளும் தூதரகங்களும் இருந்தன. இரண்டையும் இணைத்தது செங்குத்தான ஒரு குறுகிய வீதி. நாளொன்றுக்கு ஏறத்தாழ 40,000 பேர் அதில் ஏறி இறங்கினர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1867இல் அந்நகருக்குச் சுற்றுலா வந்த பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஹென்றி கவாந், பள்ளிவாசல்களையும் அரண்மனைகளையும் பார்த்ததோடு நிற்கவில்லை. மூச்சு வாங்க மேடேறும் மக்களையும் பார்த்தார். குன்றின் மேலே வழியில்லை என்றால் குன்றின் உள்ளே வழி அமைக்கலாமே என்று எண்ணினார். சுல்தான் அப்துல் அஜீஸ் 1869இல் அதற்கு அனுமதி வழங்கினார். 1871இல் வேலை தொடங்கி, 1875 ஜனவரி 17இல் சுரங்க இரயில் திறக்கப்பட்டது. அதன் நீளம் 573 மீட்டர் மட்டுமே. ஆனால், நகர மக்களின் போக்குவரத்துக்காக உலகில் அமைந்த சுரங்க இரயில்களுள், 1863இல் தொடங்கிய இலண்டன் இரயிலுக்கு அடுத்த பழமை உடையது இதுவே.

அது இயங்கும் முறை எளிது. வடத்தின் இரு முனைகளிலும் வண்டிகள். ஒன்று இறங்கும்போது அதன் எடையே மற்றொன்று ஏறத் துணை செய்கிறது. குறைந்த விசையை இயந்திரம் தருகிறது. தொடக்கத்தில் நீராவி இயந்திரம் வடத்தை இழுத்தது. பின்னர் மின்சாரம் வந்தது. விளக்குகளின் மங்கிய ஒளியில் அன்று மரப்பெட்டிகள் ஏறி இறங்கின. மனிதர் மட்டுமன்றிச் சரக்கும் கால்நடையும்கூட அதில் பயணம் செய்தன. இன்று அப்பயணம் இரண்டு நிமிடமும் ஆவதில்லை.

ஆனால், வந்த நன்மையை நகரங்கள் எப்போதும் காத்துக்கொள்வதில்லை. 1871இல் குதிரை டிராம் வந்தது. குறுகிய வீதிகளில் மக்களை எச்சரிக்க, 'வர்தா, வர்தா' என்று கூவியபடி ஓர் ஆள் அதன் முன்னே ஓடுவார். பின்னர் 1914இல் மின்சார டிராம் வந்தது. மோட்டார் வண்டிகள் பெருகியதும், டிராம்தான் வழியை அடைக்கிறது என்ற எண்ணம் மேலோங்கியது. 1961இல் ஐரோப்பியக் கரையிலும், 1966இல் ஆசியக் கரையிலும் அதனை நிறுத்திவிட்டனர். நெரிசல் தீர்ந்ததா? இல்லை. 1990இல் பேராவின் பெரிய வீதியிலும், 1992இல் பழைய நகரத்திலும் டிராமை மீண்டும் ஓட விட்டனர்.

பாலத்தின் கதையும் இதுபோன்றதே. 1973இல் பாஸ்பரஸின் மீது முதற்பாலம் எழுந்தது. கண்டங்கள் இணைந்தன என்று மக்கள் மகிழ்ந்தனர், மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் பாலம் கார்களை வரவேற்றது. கார்கள் பாலத்தை நிறைத்தன. 1988இல் இரண்டாவது பாலமும், 2016இல் மூன்றாவது பாலமும் வந்தன. 1950இல் சுமார் 10 இலட்சமாக இருந்த மக்கள்தொகை இன்று ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிட்டது. பாலம் மட்டும் இதற்கு எப்படி ஈடுகொடுக்கும்?

எனவே, 2007இல் வேறொரு முயற்சி நடந்தது. புதிய சாலை போடவில்லை. இருக்கும் நெடுஞ்சாலையின் நடுப்பகுதியைக் கார்களிடமிருந்து பிரித்துப் பேருந்துக்கென்றே ஒதுக்கினர். மெட்ரோபஸ் என்பது அதன் பெயர். நிலையங்கள் சாலையின் நடுவே இருக்கின்றன. பேருந்துகளின் கதவுகளோ வலப்புறம் இருக்கின்றன. ஆகவே, வலப்புறம் செல்வது விதியாகவுள்ள நாட்டில் அப்பேருந்துகள் மட்டும் தம் தடத்தில் இடப்புறமாக ஓடுகின்றன! 2009 முதல் அவை பாலத்தைக் கடந்து ஆசியக் கரைக்கும் செல்கின்றன. பாலத்தின் மேல் மட்டும் ஏனைய வண்டிகளோடு கலந்து போக வேண்டியிருக்கிறது. சுமார் 52 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வழியில் நாள்தோறும் பல இலட்சம் பேர் பயணம் செய்கின்றனர்.

கடலுக்கு அடியிலும் வழி பிறந்தது. அது புதிய எண்ணம் அன்று. சுல்தான் அப்துல் மஜீதின் காலத்தில், 1860இலேயே, பிரெஞ்சுப் பொறியாளர் ஒருவர் கடலடிச் சுரங்கத்துக்குப் படம் வரைந்தார். 1902இல் சுல்தான் அப்துல் ஹமீதின் முன் மற்றொரு திட்டம் வைக்கப்பட்டது. அந்தக் கனவு நனவாக ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 2004இல் வேலை தொடங்கியது. யெனிகாப்பியில் தோண்டியபோது பழைய துறைமுகம் ஒன்றும் 37 கப்பல்களின் எச்சங்களும் வெளிப்பட்டன. அவற்றைக் காப்பதற்காகப் பணி சில ஆண்டுகள் தாமதமாயிற்று. கடற்படுகையில் பள்ளம் வெட்டி, 11 குழாய்த் துண்டுகளை இறக்கி, ஒன்றோடொன்று பொருத்தினர். கடல் மட்டத்துக்குச் சுமார் 60 மீட்டர் கீழே செல்லும் மர்மராய் இரயில் 2013 அக்டோபர் 29இல் திறக்கப்பட்டது. ஒரு சில நிமிடங்களில் கண்டம் விட்டுக் கண்டம் போகிறது அது.

இத்தனையும் செய்த பின் இஸ்தான்பூலில் நெரிசல் ஒழிந்துவிட்டதென்று கூறினால் அது உண்மையாகாது. காலையிலும் மாலையிலும் மெட்ரோபஸில் நிற்கவும் இடமிருப்பதில்லை. பாலங்களில் கார்கள் இன்றும் ஊர்கின்றன. ஆயினும் அந்நகரின் வரலாறு ஒன்றைத் தெளிவாக உணர்த்துகிறது. வண்டிகள் எவ்வாறு விரைந்து போகும் என்று மட்டும் கேட்டபோதெல்லாம், கிடைத்த விடை சிறிது காலத்திலேயே நிரம்பி வழிந்தது. மனிதர் எங்கே துன்புறுகின்றனர் என்று கேட்டபோது கிடைத்த விடைகளோ, பார்வைக்கு விசித்திரமாக இருந்தாலும் நிலைத்து நின்றன. பேருந்தில் நிற்பவருக்கும் காரில் அமர்ந்திருப்பவருக்கும் சாலையில் உரிமை ஒன்றே. அதனை ஒப்புக்கொள்ளும் நகரத்துக்கே வழி திறக்கும்.

மேடேறி மூச்சு வாங்கிய மக்களை ஒரு பயணி நின்று பார்த்தார். அவர் பார்த்ததன் பயனாக அமைந்த சுரங்கத்தில், நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் வண்டிகள் ஏறி இறங்கிக் கொண்டிருக்கின்றன.