முன்கை எக்ஸ்ரேயும் கிணற்றுத் தண்ணீரும்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். நெய்வேலியில் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவன். இப்போது அவன் பிள்ளையே காலேஜில்! அவன் பெரியம்மா பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து அங்கேயே வாழ்பவர். பத்து வருடமாகக் கை கால் குடைச்சல், குனிய முடியவில்லை. "வயசானா வர்ற வாதம்தானே சார்" என்றான். பல்லில் பழுப்புக் கறை உண்டா என்று கேட்டேன். "அந்த ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கு சார்" என்றான்.

குழாய்த் தண்ணீரில் வளர்ந்த நெய்வேலிப் பிள்ளைகளுக்கு இந்த வரலாறு தெரிந்திருக்காது.

1930-களில் நெல்லூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்கே சில கிராமங்களில் ஏர் மாடுகள் மூட்டு விறைத்து நடக்கத் திணறின. மனிதர்களுக்கும் முதுகு, கை, கால் எல்லாம் வலித்து இறுகின. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் ஷார்ட் என்ற மருத்துவர் இதை ஆராய்ந்தார். (பிறகு 1948-ல், மலேரியாக் கிருமி ஈரலில் ஒளிந்து வளர்வதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் இவர்தான்.) அவருடன் சேர்ந்தவர் பர்னார்ட். சென்னைப் பொது மருத்துவமனையில் 1934-ல் திறந்த கதிரியல் நிலையம் இன்றும் இவர் பெயரில்தான் இருக்கிறது. 1937-ல் அவர்கள் கட்டுரை வந்தது. காரணம் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு.

அதற்கு ஐந்து வருடம் முன்பே, டென்மார்க்கில் கிரையோலைட் என்ற தாதுவின் தூசியில் வேலை செய்தவர்களின் எக்ஸ்ரேயில் இதே மாற்றத்தைப் பார்த்திருந்தார்கள். அங்கே தூசி, இங்கே குடிதண்ணீர்.

முடக்கு வாதத்தில் மூட்டை ஒட்டிய எலும்பு மெலியும். இதில் நேர்மாறு: முதுகெலும்பும் இடுப்பெலும்பும் அடர்ந்து, படத்தில் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துத் தெரியும். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெல்லிய சவ்வு உண்டு. சாதாரணமாக எக்ஸ்ரேயில் அது தெரியாது. இந்த நோயில் அது சுண்ணாம்பேறி, எலும்போரத்தில் முள் முளைத்தது போலத் தெரியும். ஆரம்ப நிலையில் படம் சுத்தமாக இருக்கலாம். அதனால் தண்ணீரையும் சிறுநீரையும் சோதிக்க வேண்டும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் அந்தத் தண்ணீர் ஆகாது. காய்ச்சினாலும் போகாது, இன்னும் செறிவாகும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காகவே 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. பெரியம்மா வீட்டிலும் குழாய் இருக்கிறதாம். ஆனால் சோறு வடிப்பதும் டீ போடுவதும் இன்னும் போர் தண்ணீரில்தானாம், அதில்தான் ருசியாம்! முன்கை எக்ஸ்ரே பற்றி டாக்டரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை அழைத்துப் போகிறான்.